கப்பலுக்குப் பின் வந்த சட்டம்: டூப்பி என்ற மலையடி ஊர் உண்டான விதம்

1939 பிப்ரவரி 27 அன்று ‘பசிலான்’ என்ற நீராவிக் கப்பல் பிலிப்பைன்ஸின் தென்கோடியில், மிண்டனாவ் தீவின் சாரங்கானி வளைகுடாவில் வந்து நின்றது. அதிலிருந்து 62 பேர் இறங்கினார்கள். விவசாயப் பள்ளியிலும் தொழிற்பள்ளியிலும் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். பின்னால் வரப்போகும் குடும்பங்களுக்கு முன்னோடியாகப் போய் நிலத்தைத் திருத்தி வைப்பது அவர்கள் வேலை. கூட்டி வந்தவர் ஜெனரல் பௌலினோ சான்டோஸ். டாடியாங்காஸ் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தக் கரையில்தான் இன்று அவர் பெயரில் ஜெனரல் சான்டோஸ் நகரம் நிற்கிறது. பிப்ரவரி 27ஐ அந்த நகரம் ஆண்டுதோறும் ‘கலிலாங்கன்’ என்ற பெயரில் பெரிய விழாவாகக் கொண்டாடுகிறது.

இந்தக் குடியேற்றத்தை நடத்துவதற்காகத் தேசிய நிலக் குடியேற்ற நிர்வாகம் என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கிய காமன்வெல்த் சட்டம் எண் 441 (அன்றைய பிலிப்பைன்ஸ் தன்னாட்சி அரசின் பெயர் காமன்வெல்த்) கையெழுத்தானது அதே ஆண்டு ஜூன் 3ஆம் தேதி. ஆட்கள் இறங்கி மூன்று மாதம் ஆன பிறகுதான் அவர்களுக்கான அலுவலகம் பிறந்தது. எவ்வளவு அவசரம் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்கும்? அந்த அவசரம் புரிந்தால் அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றின் கதை பாதி புரிந்துவிடும். அவற்றில் ஒன்று டூப்பி.

ஜெனரல் சான்டோஸிலிருந்து வடமேற்கே கொரோனாடல் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் டூப்பி வரும். வலப்பக்கம் மட்டூட்டும் எரிமலை, 2,286 மீட்டர். சாலையோரம் அன்னாசி, பப்பாளி, பூந்தோட்டங்கள். தெற்கு கோட்டபாட்டோ மாகாணத்தைச் சேர்ந்த இந்த ஊரில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸில் ஓர் ‘ஊர்’ என்பது நடுவில் ஒரு சிறிய கடைத்தெருவும் சுற்றிலும் பல கிராமங்களும் சேர்ந்த ஆட்சி எல்லை. கிராமத்துக்கு அங்கே பாரங்கே என்று பெயர். டூப்பியில் 15 பாரங்கேகள் உண்டு.

பிலிப்பைன்ஸின் பழைய ஊர்கள் வேறு மாதிரி உண்டானவை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஸ்பானியர்கள், ஆற்றோரமும் கடலோரமும் சிதறிக் கிடந்த குடும்பங்களை ஓரிடத்தில் திரட்டினார்கள். சதுரமான திடல், ஒரு பக்கம் தேவாலயம், எதிரே அதிகாரியின் வீடு, நேர்கோட்டுத் தெருக்கள். கோயில் மணி எவ்வளவு தூரம் கேட்கிறதோ அதுவரை ஊர். வரி வாங்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் இது வசதி. அதனால்தான் வடக்கே மணிலா இருக்கும் லூசோன் தீவிலும் நடுவிலுள்ள விசாயாஸ் தீவுகளிலும் ஊர்த் திருவிழா என்றால் பெரும்பாலும் புனிதர் ஒருவரின் நாளாக இருக்கும். மிண்டனாவின் உள்நாட்டுப் பகுதிகள் ஸ்பானியர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. கடலோரத்திலும் ஆற்றுப் படுகைகளிலும் முஸ்லிம் சுல்தான்களும் தாத்து எனப்படும் குறுநிலத் தலைவர்களும் ஆண்டார்கள். மலைச்சரிவுகளில் இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ மாறாத பழங்குடிகள். எனவே டூப்பி போன்ற ஊருக்கு அடித்தளம் போட்டது பாதிரியார் அல்லர், நில அளவையாளரும் கணக்கரும்தான். கிடங்கு, அலுவலகம், பள்ளி எல்லாம் முதலில் வந்தன. அமெரிக்கப் பாஷனிஸ்ட் சபைக் குருமார் பக்கத்து மார்பெலுக்கு வந்து பொறுப்பேற்றதே 1958இல்.

சரி, அவசரத்துக்கு வருவோம்.

1935இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கீழ் தன்னாட்சி பெற்றது. பத்தாண்டில் முழு விடுதலை என்று பேச்சு. அதிபர் மனுவல் கெசோன் முன்னால் இரண்டு தலைவலிகள் இருந்தன. ஒன்று, மத்திய லூசோனின் நெல் வயல்கள். அங்கே வாரத்துக்குப் பயிரிடும் குத்தகைக் குடும்பங்கள் கடனில் மூழ்கிக் கிடந்தன. 1935 மே மாதம் சக்தாலிஸ்டுகள் என்ற இயக்கத்தார் மணிலாவைச் சுற்றியுள்ள ஊர்களில் நகராட்சிக் கட்டடங்களைப் பிடித்தார்கள். ஓரிரு நாளில் துப்பாக்கியால் அடக்கப்பட்டாலும், நிலக்கிழார்களுக்கு அந்தப் பயம் விலகவில்லை. மற்றொன்று டவாவோ. சணல் போன்ற நார் தரும் அபகா வாழையைப் பயிரிட வந்த ஜப்பானியர்கள் 1930களின் இறுதியில் அங்கே சுமார் 18,000 பேர் இருந்தார்கள். தங்கள் பள்ளி, தங்கள் கடை, தங்கள் துறைமுகம் என்று வாழ்ந்தார்கள். சீனாவில் ஜப்பான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை தூக்கத்தைக் கெடுத்தது.

லூசோனின் நிலமற்றவர்களை மிண்டனாவுக்கு அனுப்பினால் இரண்டும் தீரும் என்பது மணிலாவின் கணக்கு. நிலக்கிழார்களின் நிலத்தைத் தொட வேண்டாம். தெற்கே காவலுக்கும் ஆள் கிடைக்கும். புதுச் சட்டம், ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு நிலம் கிடைக்க வழிசெய்வதையும் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொன்னது. ஏர் பிடிக்கும் கை தேவைப்பட்டால் துப்பாக்கியும் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கவில்லை. நிலச் சீர்திருத்தம் செய்யத் துணியாத அரசு செய்த மாற்று ஏற்பாடு இது என்றே எனக்குப் படுகிறது. ஒருவருடைய வயலைப் பிரிப்பதைவிட ஒருவரும் இல்லாத வயலைக் காட்டுவது சுலபம். அந்த வயலில் உண்மையில் ஒருவரும் இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முன்னாலும் ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறார்கள். 1913இல் அமெரிக்க நிர்வாகம் கோட்டபாட்டோ பள்ளத்தாக்கில் விவசாயக் குடியேற்றங்களை ஆரம்பித்தது. நெல் விளைச்சலைப் பெருக்குவதும், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் பக்கம் பக்கமாக வாழவைப்பதும் நோக்கம் என்றார்கள். சில ஆண்டுகளில் பணம் தீர்ந்து திட்டம் படுத்துவிட்டது. அதனால் 1939இல் பெரிய அளவில் இறங்கினார்கள். நிறுவனத்துக்கு 2 கோடி பெசோ மூலதனம் அனுமதிக்கப்பட்டது. தலைவராகப் பௌலினோ சான்டோஸ்.

அவர் தேர்வானது தற்செயல் இல்லை. 1890இல் தார்லாக் மாகாணத்தின் கமிலிங் ஊரில் பிறந்தவர். வடக்கிலிருந்து இலோகானோ மக்கள் நிலம் தேடி இறங்கி வந்து நிரப்பிய பகுதி அது. குடியேற்றம் என்றால் என்னவென்று சின்ன வயதிலேயே பார்த்திருப்பார். சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி மேலே வந்தார். மிண்டனாவிலேயே முஸ்லிம் கோட்டை ஒன்றைத் தாக்கிய சண்டையில் காட்டிய துணிவுக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். பிறகு சிறைத்துறை இயக்குநர். 1932இல் டவாவோவில் காட்டைத் திருத்திக் கைதிகளைக் குடியமர்த்திய தண்டனைப் பண்ணை அவர் காலத்தில் வந்தது. அதன் பிறகு 1938 இறுதி வரை ராணுவத் தலைமைத் தளபதி. வெற்று நிலத்தில் ஆட்களை இறக்கி, வரிசையாகக் குடிசை போட்டு, அளந்து சோறு போட்டு, வேலை வாங்கும் கலை கைவந்தவர். குடியேற்றத்திலும் அந்த முகாம் வாடை இருந்தது.

கொரோனாடல் பள்ளத்தாக்கில் லகாவ், டூப்பி, மார்பெல், போலோமோலோக் என நான்கு குடியேற்ற மாவட்டங்கள். அதற்கு மேற்கே அல்லா பள்ளத்தாக்கில் பங்கா, நோராலா, சுரல்லா என மூன்று. துறைமுகத்திலிருந்து உள்ளே போகும் ஒற்றைச் சாலையில் முத்து கோத்ததுபோல் இவை அமைந்தன. டூப்பி, சாலை மலையடிவாரத்தைத் தொடும் இடம்.

வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது புல். கோகோன் என்பார்கள். இலங்கை மலையகத்தில் இலுக் என்றும் மலேசியத் தமிழர் லாலாங் என்றும் சொல்கிற அதே புல்தான். ஆளுயரம் வளரும், விளிம்பு கையை அறுக்கும். தீ வைத்தால் மேலே எரிந்து போகும், மண்ணுக்குள் பின்னிக் கிடக்கும் வேர்த்தண்டு ஒன்றும் ஆகாமல் அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பும். சொல்லப்போனால் தீ அதற்கு நண்பன், ஏனென்றால் போட்டிக்கு வரும் மரக்கன்றுகளைத் தீதான் கொல்கிறது. லூசோனின் சேற்று வயலில் எருமை பூட்டி உழுது பழகிய குடும்பத்துக்கு இந்த நிலத்தில் முதல் உழவே நடக்காது. மரக்கலப்பை வேரில் சிக்கி நின்றுவிடும். காட்டைக்கூட வெட்டி எரித்துவிடலாம், இந்தப் புல்வெளியைத் திருத்துவது ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறியது. அதனால்தான் நிறுவனம் டிராக்டர்களைக் கொண்டுவந்தது. முதல் உழவை இயந்திரம் உழுது, வேரைப் புரட்டி வெயிலில் காயவிட்ட பிறகுதான் எருமைக்கு வேலை. அரசுக் குடியேற்றத்துக்கும் தானாக வந்து குடியேறுவதற்கும் இருந்த பெரிய வித்தியாசங்களில் ஒன்று இந்த முதல் உழவு.

இரண்டாவது எதிரி மலேரியா. தேங்கிய சாக்கடையில்தான் கொசு என்று நாம் பழகியிருக்கிறோம். பிலிப்பைன்ஸின் முக்கிய மலேரியாக் கொசு அப்படி இல்லை. அடிவாரத்தில் நிழலோடு மெல்ல ஓடும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். மலையடியில் சுத்தமான தண்ணீர் கிடைக்கிறதே என்று ஓடைப் பக்கம் வீடு கட்டினால் நேராகக் கொசுவின் வீட்டுக்குப் போனமாதிரி. மேலே மலைச்சரிவில் வாழ்ந்த பழங்குடிகள் அந்த இடங்களை அறிந்து ஒதுங்கியே இருந்திருக்கலாம். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அறிவும் இல்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை. போருக்குப் பிறகு டிடிடி தெளிப்பு வரும்வரை மிண்டனாவின் அடிவாரங்கள் இந்தக் காய்ச்சலில் இருந்து தப்பவில்லை.

மூன்றாவதை எதிரி என்று சொல்லலாமா தெரியவில்லை: கணக்குப் புத்தகம். முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாட்டுக்கு அரிசி, உழவுக்கு எருமை, கருவிகள், வீட்டுக்குப் பொருள், எல்லாம் நிறுவனம் கொடுத்தது. இலவசமாக இல்லை, பற்று எழுதிக்கொண்டு. விளைந்ததும் கழிக்க வேண்டும். நிலம் உடனே சொந்தமில்லை. நிபந்தனைகளை முடித்து, கடனைக் கட்டி, அளவை சரிபார்த்து, பட்டா கைக்கு வர வேண்டும். லூசோனில் நிலக்கிழாரின் பேரேட்டில் பெயர் இருந்த குடும்பம், இங்கே அரசின் பேரேட்டுக்கு மாறியது. ஆனாலும் ஒரு முக்கியமான வித்தியாசம்: அங்கே பேரன் காலத்திலும் தீராத கடனுக்கு முடிவில் எதுவும் கிடைக்காது. இங்கே முடிவில் ஒரு பட்டா இருந்தது, அல்லது இருப்பதாக நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்காக மக்கள் காய்ச்சலைத் தாங்கினார்கள், வெட்டுக்கிளியைத் தாங்கினார்கள், எலியையும் தாங்கினார்கள்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். நிலம் காலியாக இருந்ததா?

இல்லை. மட்டூட்டும் சரிவுகளும் அதன் அடிவாரமும் ப்லாஆன் மக்களின் வாழ்விடம். மலைநெல்லும் கிழங்கும் பயிரிட்டு, சில ஆண்டில் அந்த இடத்தை ஆறவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் சுழற்சி விவசாயம் அவர்களுடையது. அபகா நாரில் சாயம் தோய்த்து அவர்கள் நெய்யும் ‘தபி’ துணியும் பித்தளை வேலையும் பெயர் பெற்றவை. பள்ளத்தாக்கின் தாழ்நிலத்திலும் கடலோரத்திலும் மகிண்டனாவ் முஸ்லிம்கள் இருந்தார்கள். பூவாயன் சுல்தானகம் இந்தப் பக்கத்தில் பல தலைமுறை செல்வாக்கோடு இருந்தது. மகிண்டனாவ் தாத்துகளுக்கும் ப்லாஆன் குடிகளுக்கும் நடுவே வணிகம், திறை, சண்டை எல்லாம் உண்டு.

ஆறவிட்ட நிலம் அளவையாளரின் கண்ணுக்கு ‘காலி’. ஆள் இல்லை, வேலி இல்லை, பத்திரம் இல்லை. இந்தக் கண்ணைத் தந்தது சட்டம். அமெரிக்க ஆட்சி 1902இல் நிலப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவு செய்தால்தான் உரிமை என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு சட்டம், அரசின் அனுமதி இல்லாமல் முஸ்லிம் சுல்தானோ தாத்துவோ பழங்குடித் தலைவரோ கொடுத்த நில மானியம் எதுவும் செல்லாது என்றது. அப்புறம் ஹெக்டேர் கணக்கு. 1919 பொது நிலச் சட்டத்தின்படி குடியேறி விவசாயம் செய்ய விண்ணப்பிப்பவர் 24 ஹெக்டேர் வரை கேட்கலாம். ‘கிறிஸ்தவர் அல்லாத’ பழங்குடிக்கு அதே சட்டம் தந்த தனி அனுமதிக்கு உச்சவரம்பு 10 ஹெக்டேர். 1936இல் அது 4 ஹெக்டேராகச் சுருங்கியது. நிறுவனங்களுக்கு 1,024 ஹெக்டேர்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் டூப்பியில் பிறகு நடந்தது எதுவும் ஆச்சரியமாக இருக்காது. துப்பாக்கி எடுத்து யாரையும் துரத்த வேண்டிய அவசியமே பல இடங்களில் வரவில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், அளவைக் கட்டணம் கட்ட முடிந்தவர் பெயரில் நிலம் பதிவானது. நிலத்தைப் பயன்படுத்தலாம், விற்கும் பொருளாக அது ஆக முடியாது என்று நினைத்த சமூகம், கேட்டவருக்கு இடம் கொடுத்தது. உப்புக்கும் புகையிலைக்கும் ஒன்றிரண்டு சார்டின் டப்பாவுக்கும் நிலம் கைமாறிய கதைகள் மிண்டனாவ் பழங்குடிக் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. கொடுத்தவர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்ததாக நினைத்தார், வாங்கியவர் கிரயம் முடிந்ததாக நினைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ப்லாஆன் குடும்பங்கள் மேலே, செங்குத்துச் சரிவை நோக்கி நகர்ந்தன.

அதற்காக, வந்தவர்களை வில்லன்களாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் ஒரு பக்கத்து நிலக்கிழாரால் பிழியப்பட்டுத்தான் வந்தார்கள். அரசு காட்டிய இடத்தில் இறங்கினார்கள். கணக்கு போட்டவர்கள் மணிலாவில் இருந்தார்கள்.

போர்க்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1942இல் ஜப்பானியப் படை வந்தது. குடியேற்றம் நின்றது. இயந்திரங்கள் பாழாயின. சிலர் மலைக்கு ஓடினார்கள், சிலர் கொரில்லாப் படையில் சேர்ந்தார்கள். ஜெனரல் சான்டோஸ் பின்வாங்கிய ஜப்பானியப் படை பதுங்கியிருந்த வடக்கு லூசோன் மலைப்பகுதியில், கியாங்கானில், 1945 ஆகஸ்டில் இறந்தார். தான் இறக்கிய 62 பேரின் ஊர் நகரமானதை அவர் பார்க்கவில்லை. 1954இல்தான் பூவாயன் என்ற அந்த நகராட்சிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

டூப்பி உண்மையில் நிரம்பியது போருக்குப் பிறகு. இங்கேதான் விழா மேடைகளில் சொல்லப்படும் கதைக்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாகிறது. நிலக் குடியேற்ற நிர்வாகம் 1950இல் கலைக்கப்படும்வரை நாடு முழுவதும் அது குடியமர்த்தியது சுமார் 8,300 குடும்பங்கள். பெரிய பணம், பெரிய நிறுவனம், அதற்கு இவ்வளவுதான். ஆனால் அன்றைய பிரிக்கப்படாத கோட்டபாட்டோ மாகாணத்தின் மக்கள்தொகையைப் பாருங்கள்: 1939இல் சுமார் 3 லட்சம், 1948இல் சுமார் 4.4 லட்சம், 1960இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிறப்பால் வந்த கூட்டலைக் கழித்தாலும் அரசுக் கப்பலில் இவ்வளவு பேர் வந்திருக்க முடியாது. தானாக வந்தார்கள். முதலில் போன அண்ணன் எழுதிய கடிதத்தை நம்பித் தம்பி வந்தான். அவன் மனைவியின் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பனாய் தீவிலிருந்து ஹிலிகாய்னோன் பேசுகிறவர்கள், செபுவிலிருந்து செபுவானோ பேசுகிறவர்கள், வடக்கிலிருந்து இலோகானோக்கள் என்று தனித்தனிக் கொத்தாக வந்து தங்கினார்கள். அரசு முதல் உழவையும் சாலையையும் போட்டது, அதன் மேல் உறவுமுறை நடந்து வந்தது. இன்றும் கொரோனாடல் பக்கம் ஹிலிகாய்னோன் கேட்கும், ஜெனரல் சான்டோஸ் பக்கம் செபுவானோ கேட்கும். நடுவில் இருக்கும் டூப்பியில் இரண்டும் கலந்து ஓடும்.

இதற்கிடையில் அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருந்தது. 1950இல் நில வளர்ச்சிக் கழகம். 1954இல் அதையும் மாற்றித் தேசிய மறுகுடியேற்ற, புனர்வாழ்வு நிர்வாகம். அதன் ஆங்கிலச் சுருக்கம் ‘நார்ரா’. பலாவான் தீவில் அது போட்ட குடியேற்றம் வளர்ந்து ஊரானபோது அலுவலகத்தின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். நார்ரா என்பது பிலிப்பைன்ஸின் தேசிய மரத்தின் பெயரும் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. 1963இல் நில ஆணையம், 1971இல் நிலச் சீர்திருத்தத் துறை. ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்புகள் இடம் மாறும். பட்டாவுக்குக் காத்திருந்தவர் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்.

1953இல், எல்பிடியோ கிரினோ அதிபராக இருந்தபோது, டூப்பி நகராட்சியானது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை. அதிபரின் நிர்வாக ஆணை ஒன்று போதுமாக இருந்தது. குடியேற்ற ஊர்கள் பல இப்படித்தான் பிறந்தன. தேர்தல் நேரத்தில் ஓர் ஊருக்கு நகராட்சிப் பதவி கொடுத்தால் மேயர் ஒருவர், கவுன்சிலர்கள் சிலர், வரிப்பங்கு கொஞ்சம், அதிபருக்கு நன்றியுள்ள வாக்குகள் என்று வரிசையாகக் கிடைக்கும். இந்த வழக்கம் 1965இல் உச்ச நீதிமன்றத்தில் முட்டிக்கொண்டது. முந்தைய ஆண்டு அதிபர் மக்கபகால் இரண்டே மாதத்துக்குள் 33 நகராட்சிகளை ஆணை மூலம் உருவாக்கியிருந்தார். அவருடைய துணை அதிபர் இம்மானுவேல் பெலாயஸே வழக்குப் போட்டார். ஊரை உண்டாக்குவது சட்டமன்றத்தின் வேலை, அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அப்படியானால் அதற்கு முன் ஆணையால் பிறந்த ஊர்களின் கதி? ஆண்டுக்கணக்காக மேயரும் வரியும் பள்ளியும் இருக்கிற ஊரை இல்லை என்று சொல்ல முடியுமா? 1991 உள்ளாட்சிச் சட்டம், ஆணையால் உருவாகித் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்துடன் இயங்கிவரும் நகராட்சிகள் அனைத்தும் முறையானவையே என்று ஒரு வரியில் முடித்து வைத்தது. அலுவலகம் பிறக்கும் முன்பே ஆட்கள் இறங்கிய பகுதிக்கு, ஊர் பிறந்து பல பத்தாண்டுகள் கழித்துச் செல்லுபடிச் சீட்டு வந்தது பொருத்தம்தான்.

ஊர் வளர்ந்ததும் பிரியும். பக்கத்துப் போலோமோலோக் 1957இல் நகராட்சியானது. 1966இல் கோட்டபாட்டோ மாகாணம் பிளந்து தெற்கு கோட்டபாட்டோ உருவானது. 1969இல் டூப்பியிலிருந்து தம்பகன் தனி நகராட்சியாகப் பிரிந்தது. தம்பகனின் மலைக்குள் பெரும் செம்பு, தங்கப் படிவம் இருப்பது பிற்பாடு தெரிந்தது. திறந்தவெளிச் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை அங்கே பல ஆண்டாக நடக்கிறது.

1963இல் அன்னாசி வந்தது. அமெரிக்காவின் டோல் நிறுவனம் போலோமோலோக்கில் தோட்டமும் தொழிற்சாலையும் தொடங்கியது. தோட்டங்கள் டூப்பி வரை பரவின. எரிமலை மண், ஒரே சீரான மழை, துறைமுகத்துக்கு நல்ல சாலை. அந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு 1,024 ஹெக்டேர்தான் என்ற வரம்பை எப்படித் தாண்டினார்கள்? அரசின் தேசிய வளர்ச்சிக் கழகம் நிலத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. மற்றும் பல குடியேறிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே குத்தகைக்கு விட்டார்கள். மலேரியாவையும் பேரேட்டையும் தாண்டிப் பட்டா வாங்கிய குடும்பத்தின் பிள்ளை, அதே நிலத்தில் சம்பளத்துக்கு அன்னாசி அறுத்த உதாரணங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். 1988 நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அரசுக் கழகத்திடம் இருந்த ஏறக்குறைய 9,000 ஹெக்டேர் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. சங்கம் உடனே அதை நிறுவனத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தது. நிலம் கைமாறியது, பயிர் மாறவில்லை.

1970களின் தொடக்கத்தில் கோட்டபாட்டோ முழுவதும் தீப்பிடித்தது. ‘இலாகா’ என்று பெயர் கொண்ட குடியேறிகளின் ஆயுதக் கும்பலும் முஸ்லிம் குழுக்களும் கிராமங்களை மாறி மாறி எரித்தார்கள். 1971 ஜூனில் மனிலி என்ற கிராமத்தில் மசூதியில் கூடியிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ராணுவச் சட்டம் வந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் மிண்டனாவ் நிலவரமும் ஒன்று. இதையெல்லாம் மதச் சண்டை என்று எழுதிவிடுவது பத்திரிகைகளுக்குச் சுலபம். கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலும் ஒரு வேலித் தகராறு கிடைக்கும், அதற்கு அடியில் 1919, 1936 என்று ஆண்டு போட்ட ஒரு ஹெக்டேர் கணக்கு கிடைக்கும்.

அந்தக் கணக்கைத் திருப்பிப் போட முயன்றது 1997இல் வந்த பழங்குடி உரிமைச் சட்டம். முன்னோர் நிலம் என்று நிரூபித்தால் ப்லாஆன் போன்ற சமூகங்கள் கூட்டாகப் பட்டா பெறலாம். ஏற்கெனவே பட்டா வாங்கிக் குடியிருக்கும் பள்ளத்தாக்குக் குடும்பத்தை அது அசைக்காது. எனவே நடைமுறையில் மிஞ்சுவது மேல் சரிவுகள்தான். நிரூபிப்பது எப்படி? பத்திரமே இல்லாத சமூகத்திடம் பத்திரம் கேட்க முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பெரியவர்களின் சத்தியவாக்கோடு, இடுகாட்டின் படங்கள், வம்சாவளி, வேட்டைக் காட்டின் விவரம், எல்லை ஒப்பந்தங்கள் எல்லாம் சான்றாகும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில், சமூகத்தின் மொழியிலிருந்து வந்த இடப்பெயர்கள் பற்றிய குறிப்பும் ஒரு சான்று.

டூப்பியின் 15 பாரங்கேகளில் ஒன்றின் பெயர் செபுவானோ. அங்கே யார் வந்து இறங்கினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று கிராஸிங் ரப்பர், தோட்டக் காலத்தின் பெயர். நடுவில் இருப்பது போப்லாசியோன், ஸ்பானியர் விட்டுப்போன சொல். மற்றவை அக்மோனன், போலோல்மாலா, பூனாவ், கப்லோன், கல்காம், லினான், லூனென், மியாசோங், பாலியான், போலோனுலிங், சிம்போ, தூபெங். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கப்பலில் வந்தவர்கள் கொண்டுவரவில்லை. அளவையாளர் வரைபடத்தில் குறித்துக்கொள்வதற்காகப் பக்கத்தில் நின்றிருந்த யாரையோ கேட்டுத்தான் எழுதியிருப்பார்.